மின்னலுக்கு வழிகண்ட மேதை

கார்காலத்தில் வானம் இருண்டு முகில் திரளும்பொழுது மின்னல் கண்ணைப் பறிக்கின்றது. இடி நெஞ்சை நடுங்கச் செய்கின்றது. பண்டைக்கால மக்கள் இடியைத் தெய்வத்தின் சினம் என்றே எண்ணி அஞ்சினர். ஐரோப்பிய நாடுகளில், இடி முழங்கும் வேளையில் தேவாலய மணிகளை இடைவிடாது அடித்தால் இடி விலகிப்போகும் என்னும் நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. உயர்ந்த கோபுரத்தின் அடியில் நின்று, நனைந்த கயிற்றைக் கையிற் பற்றி மணியடித்தோர் பலர் மின்னலால் தாக்குண்டு மாண்டனர். காக்கும் என்று கருதிய செயலே அழிவிற்கு வாயிலாயிற்று. மின்னல் என்பது யாது, அஃது எவ்வழியே பாயும், தீங்கு நேராவண்ணம் அதனை எவ்வாறு மண்ணுக்குள் செலுத்தலாம் என்று ஆராய்ந்து, மக்களின் அச்சத்தைத் தணித்த பெருமை பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் அறிஞரைச் சாரும்.

பிராங்கிளின், வட அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1706 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். அவருக்குப் பிறந்த மக்கள் பதினெழுவர். அவர்களுள் பதினைந்தாம் குழந்தை பிராங்கிளின். ஆண்மக்களுள் கடைசிப் பிள்ளை. குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. ஆதலால் அவர் பள்ளியிற் பயின்ற காலம் ஏறத்தாழ ஈராண்டே ஆகும். பத்தாம் வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் தொழிலுக்குத் துணை நின்றார். கொழுப்பை உருக்கி வார்க்கும் அவ்வேலையில் அவர் உள்ளம் ஒட்டவில்லை. எந்நேரமும் நூலும் கையுமாக இருந்த மகனைக் கண்ட தந்தை, அவரைப் பன்னிரண்டாம் வயதில் மூத்த மகன்களுள் ஒருவரின் அச்சுக்கூடத்தில் தொழில் பயிலச் சேர்த்தார்.

அச்சுக்கூடமே பிராங்கிளினுக்குக் கல்லூரி ஆயிற்று. பகலெல்லாம் எழுத்துக் கோத்தார். இரவெல்லாம் இரவல் வாங்கிய நூல்களைப் படித்தார். இறைச்சி உண்பதை விடுத்து எளிய உணவு கொண்டு, அதனால் மிஞ்சிய காசில் நூல்கள் வாங்கினார். தமையனாரோடு மனம் ஒவ்வாமையால், 1723 ஆம் ஆண்டில், பதினேழாம் வயதில், பாஸ்டனை விட்டு நீங்கிப் பிலடெல்பியா நகரை அடைந்தார். அந்நகரில் அவர் அடியெடுத்து வைத்தபொழுது அறிந்தார் ஒருவரும் இலர்; பையில் இருந்தவை சில காசுகளே.

ஆயினும் உழைப்பும் சிக்கனமும் அவரைக் கைவிடவில்லை. 1728 ஆம் ஆண்டில் சொந்தமாக அச்சுக்கூடம் தொடங்கினார். அடுத்த ஆண்டில் செய்தித்தாள் ஒன்றை ஏற்று நடத்தினார். நூல் வாங்க இயலாது வருந்தியவர் ஆதலின், 1731 ஆம் ஆண்டில் நண்பர்களைக் கூட்டிப் பொது நூல்நிலையம் ஒன்றை நிறுவினார். அந்நகரில் தீயால் விளையும் கேட்டைக் கண்டு உளம் நொந்து, 1736 ஆம் ஆண்டில் தீயணைக்கும் குழு ஒன்றை அமைத்தார். துன்பம் வந்தபின் வருந்துவதினும் வருமுன் காப்பதே அறிவுடைமை என்பது அவர்தம் உறுதியான கொள்கை. இக்கொள்கையே பின்னாளில் அவரை மின்னலின்பால் ஈர்த்தது.

1748 ஆம் ஆண்டில் பிராங்கிளினுக்கு நாற்பத்திரண்டு வயது. வாழ்க்கைக்கு வேண்டும் பொருள் சேர்ந்துவிட்டது என்று கண்ட அவர், அச்சுத் தொழிலைக் கூட்டாளியிடம் ஒப்புவித்து, எஞ்சிய காலத்தை ஆராய்ச்சியிலும் பொதுப்பணியிலும் செலவிட விழைந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, இலண்டனில் வாழ்ந்த பீட்டர் காலின்சன் என்னும் அன்பர் நூல்நிலையத்திற்குக் கண்ணாடிக் குழாய் ஒன்றை அனுப்பியிருந்தார். அதனைத் துணியால் தேய்த்தால் மின்சாரம் தோன்றும். தோன்றிய மின்சாரத்தைச் சேர்த்துவைக்க லெய்டன் சாடி என்னும் கருவியும் அக்காலத்தில் வழங்கியது. பிறர் அவற்றை விளையாட்டுப் பொருளாகக் கண்டனர். பிராங்கிளினோ அவற்றின் உள்ளே இயற்கையின் ஒழுங்கைத் தேடினார்.

அவர் செய்த சோதனைகளுள் ஒன்று இங்கே கருதத்தக்கது. உலர்ந்த கண்ணாடிப் புட்டியின் வாயில் இரும்புக் குண்டு ஒன்றை வைத்து, அதற்கு மின்னேற்றினார். அதன் அருகே பட்டு நூலில் கட்டித் தொங்கவிட்ட சிறு தக்கை உருண்டை, குண்டினின்று விலகி நின்றது. குண்டில் மின்னேறியிருப்பதற்கு அதுவே அடையாளம். பின்பு கூரிய ஊசி ஒன்றைக் கையிற் பிடித்துக் குண்டின் அருகே நீட்டினார். தொடாமலே குண்டின் மின்சாரம் நீங்கியது. உருண்டை முன்போல் வந்து சேர்ந்தது. அடுத்து, அவ்வூசியை அரக்குத் தண்டில் பொருத்தி, அரக்கைப் பிடித்து நீட்டினார். யாதொரு பயனும் விளையவில்லை. அரக்கின்மேல் விரலை மெல்ல நகர்த்தி ஊசியைத் தொட்டதும், குண்டின் மின்சாரம் நீங்கிற்று.

இச்சிறு சோதனையில் ஒரு பேருண்மை அடங்கியிருந்தது. ஊசி கூரியதாக இருந்தால் மட்டும் போதாது. ஊசியிலிருந்து கையும் உடலும் வழியாகத் தரைவரை மின்சாரம் செல்வதற்குத் தொடர்ச்சியான வழி வேண்டும். அரக்கு மின்சாரத்தைச் செல்லவிடாத பொருள். ஆதலால் அது குறுக்கிட்டதும் வழி அடைபட்டது. மின்சாரம் சேர்ந்து நிற்கும் இடத்தில்தான் இடையூறு உண்டு. தரைக்கு நல்ல வழி அமைத்துவிட்டால் அது தீங்கின்றி நீங்கிவிடும். இவ்வுண்மையே பிராங்கிளினின் பிற்கால ஆராய்ச்சிகளுக்கெல்லாம் வித்தாயிற்று.

மின்சாரத்தின் கொடுமையையும் அவர் தம் உடலாலேயே அறிய நேர்ந்தது. 1750 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், இரண்டு பெரிய சாடிகளில் சேர்த்த மின்சாரத்தால் வான்கோழி ஒன்றைக் கொல்ல முயன்றார். சூழ நின்றோர் பேச்சில் கருத்துச் சிதறியதால், ஒரு கையால் சாடிகளின் மேற்கம்பியையும், மறுகையால் வெளிப்புறத்தோடு இணைந்த சங்கிலியையும் தொட்டுவிட்டார். மின்சாரம் முழுதும் அவர் உடலினூடே பாய்ந்தது. பேரொளியும் பெருமுழக்கமும் எழுந்தன எனக் கண்டோர் கூறினர். அவரோ ஒன்றும் காணவில்லை, கேட்கவில்லை. உடல் முழுவதும் அதிர்ந்து நடுங்கியது. மார்பில் சில நாள் நோவு இருந்தது. தொடர்ச்சியான வழி எது கிடைப்பினும் மின்சாரம் அதன்வழியே பாயும். மனித உடல் என்று அது வேறுபாடு பாராது. இதனை அவர் எழுதிவைத்தார்.

சாடியிலிருந்து எழும் சிறு பொறியும் வானத்து மின்னலும் ஒரே தன்மையன ஆகலாம் என்று பிராங்கிளின் கருதினார். இரண்டிற்கும் ஒளி உண்டு, ஓசை உண்டு, இரண்டும் உலோகத்தை நாடிச் செல்கின்றன, உயிர்களைக் கொல்கின்றன. ஒப்புமை கண்டதோடு அமையாமல், அதனைச் சோதித்து அறியும் முறையையும் 1750 ஆம் ஆண்டில் எழுதினார். உயர்ந்த இடத்தில் கூரிய இரும்புக்கோல் ஒன்றைத் தரையோடு தொடர்பின்றி நிறுத்தி, மேகம் கடக்கும்பொழுது அதிலிருந்து பொறி எழுகின்றதா எனக் காணவேண்டும் என்பது அம்முறை. 1752 ஆம் ஆண்டு மே திங்கள் 10 ஆம் நாள், பிரான்சு நாட்டில் மார்லி என்னும் ஊரில், தலிபார் என்னும் அறிஞர் நிறுத்திய நாற்பதடிக் கோலிலிருந்து பொறிகள் எழுந்தன. மின்னலும் மின்சாரமே என்பது தெளிவாயிற்று.

அச்செய்தி கடல் கடந்து வருமுன்னரே, அதே ஆண்டு சூன் திங்களில், பிராங்கிளின் தம் மகன் வில்லியத்தோடு பட்டுத்துணியாலான பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டார் என்பர். பட்டத்தின் உச்சியில் கூரிய கம்பி இருந்தது. சணல் கயிற்றின் அடியில் ஒரு திறவுகோல் தொங்கியது. கையிற் பிடிக்கும் பகுதி, மழையில் நனையாத பட்டு நாடா. மழையில் கயிறு நனைந்ததும், விரல் மூட்டை நீட்டிய அளவில் திறவுகோலிலிருந்து பொறி எழுந்தது. முகிலைச் சூழ்ந்த மின்சாரம் சிறிதளவே கயிற்றின்வழி இறங்கிற்று. மின்னல் நேரே பட்டத்தைத் தாக்கியிருக்குமாயின் தந்தையும் மகனும் உயிர் பிழைத்திரார். எவரும் இதனைச் செய்துபார்க்க எண்ணுதல் கூடாது.

இவ்வகைச் சோதனையின் கேடு விரைவில் உலகிற்குப் புலனாயிற்று. உருசிய நாட்டின் செயின்ட் பீட்டர்சுபர்க்கு நகரில் ரிச்மன் என்னும் பேராசிரியர், கூரைமேல் நிறுத்திய இரும்புக்கோலிலிருந்து வீட்டினுள்ளே கம்பி இழுத்து, மேகத்தின் மின்சாரத்தை அளந்து வந்தார். அளப்பதற்காக அக்கம்பியைத் தரையோடு இணைக்காது விட்டிருந்தார். 1753 ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 6 ஆம் நாள், இடிமழையின்போது அளவைக் காணக் கருவியின்பால் குனிந்தார். கம்பியினின்று நெருப்புப் பிழம்பொன்று தாவி அவர் நெற்றியில் பாய்ந்தது. அக்கணமே உயிர் நீங்கிற்று. தரைக்குச் செல்ல வழி இல்லாத மின்னல், அருகில் நின்ற மனிதரையே வழியாக்கிக் கொண்டது. அறிவுலகம் அத்துயரத்தால் கலங்கியது.

பிராங்கிளினும் தம் வீட்டில் கோல் ஒன்று நிறுத்தியிருந்தார். ஆனால் அதன் கம்பியைப் படிக்கட்டின் வழியே இறக்கி, நீரிறைக்கும் பம்பின் இரும்புத் தண்டோடு இணைத்து, நிலத்தொடர்பு உண்டாக்கினார். ஆராய்ச்சிக்காக, படிக்கட்டருகே மட்டும் கம்பியை ஆறங்குல இடைவெளி விட்டுத் துண்டித்து, இரு முனையிலும் சிறு மணிகளை மாட்டி, நடுவே பித்தளைக் குண்டு ஒன்றைப் பட்டு நூலில் தொங்கவிட்டார். மின்னேறிய மேகம் வரும்போதெல்லாம் குண்டு அங்குமிங்கும் ஆடி மணிகளை ஒலிப்பிக்கும். ஓர் இரவு அவ்விடைவெளியில் வெண்மையான ஒளி தொடர்ந்து பாய்ந்து, படிக்கட்டு முழுதும் பகல்போல் விளங்கிற்று. பின்னர் அவர் இலண்டனில் இருந்த காலத்தில், அவ்வொலியைக் கேட்டு மனைவியார் அஞ்சினார். இரு மணிகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் ஒலி அடங்கிவிடும் என்று பிராங்கிளின் அவருக்கு எழுதினார். வழியில் இடைவெளி இருந்தால் மின்சாரம் ஆரவாரம் செய்யும். இடைவெளி நீங்கினால் அமைதியாகச் சென்றுவிடும்.

தாம் அறிந்ததைப் பிராங்கிளின் பொதுமக்களுக்கு எளிய முறையில் எடுத்துரைத்தார். அவர் வெளியிட்டு வந்த பஞ்சாங்கத்தில், 1753 ஆம் ஆண்டிற்குரிய பகுதியில், வீடுகளை இடியிலிருந்து காக்கும் முறை அச்சாயிற்று. இரும்புக்கோல் ஒன்று வேண்டும். அதன் ஒரு முனை ஈரமண்ணில் மூன்று நான்கு அடி ஆழம் புதைந்திருத்தல் வேண்டும். மறுமுனை கட்டடத்தின் உச்சிக்கு மேல் ஆறு முதல் எட்டு அடி வரை உயர்ந்து, கூரிய பித்தளைக் கம்பியோடு முடிதல் வேண்டும். வீடு நீண்டதாயின் இரு கோடியிலும் கோல்கள் நாட்டி, கூரையின் முகட்டுவழியே கம்பியால் இணைத்தல் வேண்டும். எளியோரும் ஊர்க் கொல்லரைக் கொண்டு செய்துகொள்ளத்தக்க முறை இது. இதனையே நாம் இடிதாங்கி என்கிறோம்.

கூரிய முனை மேகத்தின் மின்சாரத்தை ஓசையின்றி உறிஞ்சி மின்னலையே தடுத்துவிடும் என்று பிராங்கிளின் முதலில் பெரிதும் நம்பினார். மின்னலைத் தன்மேல் ஏற்று, கட்டடத்திற்கு ஊறு நேராவண்ணம் நிலத்தினுள் செலுத்துவதே இடிதாங்கியின் தலையாய பணி என்று இக்கால அறிஞர் தெளிந்துள்ளனர். இப்பணியையும் பிராங்கிளின் அன்றே உணர்ந்து எழுதியிருந்தார்.

சொன்னதோடு நில்லாமல், இடிதாங்கி பொருத்திய வீடுகளில் மின்னல் பாய்ந்த செய்திகளை அவர் தேடித் தொகுத்தார். பிலடெல்பியாவில் வணிகர் ஒருவரின் இல்லத்தில் பாய்ந்த மின்னலைப் பற்றி, 1761 ஆம் ஆண்டில் அவர் நண்பர் கின்னர்சிலி எழுதினார். கோலின் நுனி உருகியது. வீட்டிற்கோ சிறு சேதமும் இல்லை. எனினும் கோலின் அடியைச் சுற்றி, நனைந்த தளத்தின்மேல் மின்னொளி சில முழம் பரவியதைக் கண்டவர்கள் இருந்தனர். கோல் இன்னும் ஆழமாகச் சென்று ஈரமண்ணைச் சேர்ந்திருக்கவேண்டும் என்பது அதனால் விளங்கிற்று. தென் கரோலினாப் பகுதியில் மெல்லிய கம்பிகள் மின்னலால் உருகி அழிந்தன. கம்பி தடித்திருக்க வேண்டும் என்பது அதனால் விளங்கிற்று. இங்கிலாந்தில் பர்பிளீட்டு என்னும் இடத்தில் வெடிமருந்துக் கிடங்குகளுக்கு இடிதாங்கி அமைக்க அறிவுரை கூறிய குழுவில் பிராங்கிளினும் ஒருவர். 1777 ஆம் ஆண்டில் அங்குள்ள மாளிகை ஒன்றில் மின்னல் தாக்கியது. கைப்பிடிச் சுவரின் மூலையில் இருந்த இரும்புப் பட்டை ஒன்றின்மேல் அது பாய்ந்ததால் சில செங்கற்கள் பெயர்ந்தன. கட்டடத்தின் உலோகப் பகுதிகள் அனைத்தும் இடிதாங்கியோடு செவ்வனே இணைந்திருத்தல் வேண்டும் என்னும் பாடம் அதனாற் கிடைத்தது. இவ்வாறு ஒவ்வொரு குறையும் அவ்வறிஞர்க்கு ஓர் ஆசானாயிற்று.

இத்துணைப் பயன்மிக்க கருவியைக் கண்டவர் அதற்குத் தனியுரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கலாம். பிராங்கிளின் தம் கண்டுபிடிப்பு எதற்கும் தனியுரிமை வேண்டவில்லை. முன்னோர் கண்டவற்றால் நாம் பயன் பெறுகின்றோம்; நாம் கண்டதைப் பிறர்க்கு மகிழ்வோடு வழங்குதலே முறை என்பது அவர் எண்ணம். இலண்டன் அரச கழகம் 1753 ஆம் ஆண்டில் காப்ளி பதக்கம் அளித்து அவரைச் சிறப்பித்தது. ஈராண்டே பள்ளி சென்ற அவருக்கு ஆர்வர்டு, யேல் முதலிய கல்லூரிகள் பட்டம் வழங்கின.

நாட்டின் விடுதலைக்கும் அவர் உழைத்தார். 1776 ஆம் ஆண்டில் அமெரிக்க விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்டார். பின்பு தூதராகப் பிரான்சு சென்று ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கிருந்தார். 1783 ஆம் ஆண்டின் அமைதி உடன்படிக்கையிலும், 1787 ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலும் கையொப்பமிட்டார். முன்னாளில் தாமே அடிமைகளை வைத்திருந்தவர், முதுமையில் அடிமை முறையை ஒழிக்கும் சங்கத்திற்குத் தலைவராகி, 1790 ஆம் ஆண்டில் அம்முறையை நீக்குமாறு நாட்டின் பேரவைக்கு விண்ணப்பம் விடுத்தார்.

பிரான்சிலிருந்து திரும்பியபின் அவர் தம் வீட்டு இடிதாங்கியை இறக்கிப் பார்த்தார். ஒன்பதங்குல நீளமுள்ள செப்பு நுனி ஏறத்தாழ முழுதும் உருகிப் போயிருந்தது. அவர் இல்லாத நாளில் மின்னல் அவ்வீட்டைத் தாக்கியிருக்கிறது. வீடோ சிறிதும் பழுதின்றி நின்றது. பிறர்க்கென அவர் வழங்கிய கருவி, அவர் அறியாமலே அவர் இல்லத்தையும் காத்து நின்றது. 1790 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 17 ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில், பிராங்கிளின் இயற்கை எய்தினார்.

அவர் காலத்தில் வீடுகளில் மின்விளக்கு இல்லை. இன்றோ மின்சாரம் இல்லாத வீடு அரிது. ஆயினும் அன்று அவர் கண்ட உண்மையே இன்றும் நம்மைக் காக்கின்றது. சலவைப்பெட்டி, நீரேற்றும் பம்பு முதலியவற்றின் உலோக உறையைக் கம்பி ஒன்று நிலத்தோடு இணைக்கின்றது. அதனையே மக்கள் எர்த் கம்பி என வழங்குவர். உள்ளிருக்கும் மின்கம்பியின் மேலுறை தேய்ந்து உலோக உறையில் மின்சாரம் கசிந்தால், அஃது எர்த் கம்பி வழியே பாய்ந்தோடும். அப்பெருக்கைத் தாங்காது பியூஸ் கம்பி உருகி இணைப்பு அறும். சிறு கசிவையும் உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவிகளும் இன்று உள்ளன. எர்த் கம்பி இல்லையேல், உறையைத் தொடும் மனிதரே மின்சாரத்திற்கு வழியாவர். மூன்று முனையுள்ள பிளக்கில் ஒரு முனை மட்டும் நீண்டும் பருத்தும் இருப்பது, பிறவற்றிற்கு முன்னதாக நிலத்தொடர்பு ஏற்படுவதற்கே. அம்முனையை ஒடித்துவிட்டு இரண்டு துளைகளில் செருகுதல், காவலனை வெளியே தள்ளிக் கதவைத் திறந்துவைத்தல் போன்றது. நிலத்தில் புதைக்கும் இரும்புக் குழாயைச் சூழக் கரியும் உப்பும் இட்டு நீர் வார்ப்பதும், மண்ணின் ஈரம் குன்றாது காப்பதற்கே. வானொலி முதலியவற்றில் வேண்டாத இரைச்சலைத் தணிப்பதற்கும், கருவியின் உலோக உறையை நிலத்தோடு இணைக்கும் முறை துணைபுரிகின்றது.

பேராற்றல் எதனையும் அஞ்சி ஓடுவதால் வெல்ல இயலாது. எதிர்த்து நின்று அடக்கவும் இயலாது. அதன் இயல்பை அறிந்து, குறைவற்ற வழி ஒன்றை அமைத்துக் கொடுத்தால், கொல்ல வந்த ஆற்றலும் அமைதியாகக் கடந்து செல்லும். இதனை உலகிற்குக் காட்டி, அதனால் ஒரு காசும் வேண்டாது வாழ்ந்த பிராங்கிளினின் பெயர், இடிதாங்கி நிற்கும் ஒவ்வொரு கட்டடத்தின் உச்சியிலும் எழுதாமலே எழுதப்பட்டிருக்கின்றது.